ஆங்கிலத் தேவாலயங்களை ஒட்டிய பழைய குருமனைகள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இங்கிலாந்தின் கிராமங்களில் சுற்றியவர்கள் இதைக் கவனித்திருப்பார்கள். தேவாலயம், அதைச் சுற்றிக் கல்லறைத் தோட்டம், மதிலுக்கு அந்தப் பக்கம் விசாலமான ஒரு பழைய வீடு. வாசலில் 'தி ஓல்ட் ரெக்டரி' என்றோ 'தி ஓல்ட் விகாரேஜ்' என்றோ பலகை இருக்கும். ஆனால் குருவானவர் அங்கே இருக்க மாட்டார். பெரும்பாலும் லண்டனில் சம்பாதித்துவிட்டு வந்த யாரோ ஒருவர் இருப்பார். அந்த வீடுகளை யார் கட்டினார்கள், ஏன் அப்படிக் கட்டினார்கள், எப்படிக் கைமாறின என்று வழக்கமாக எழும் கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறேன். ஒரு விஷயத்தை மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடலாம். இந்த வீடுகளின் உருவத்தைத் தீர்மானித்ததில் கட்டடக் கலைஞரின் ரசனைக்குப் பங்கு குறைவு. குருவுக்கு வருமானம் எங்கிருந்து வந்தது, அவர் கல்யாணம் செய்துகொள்ளலாமா, ஓடு உடைந்தால் யார் காசு கொடுப்பது என்ற மூன்று கேள்விகளுக்குத்தான் பங்கு அதிகம்.

ரெக்டரி, விகாரேஜ், பார்சனேஜ்: மூன்றும் ஒன்றுதானா?

மூன்றும் குரு குடியிருக்கும் வீடுதான். பார்சனேஜ் என்பது பொதுப்பெயர். மற்ற இரண்டுக்கும் வேறுபாடு வருமானத்தில் இருக்கிறது. ஊரில் விளைவதில் பத்தில் ஒரு பங்கு தேவாலயத்துக்கு என்பது பழைய வழக்கம். அந்தத் தசமபாகத்தில் இரண்டு வகை உண்டு. தானியம், வைக்கோல், மரம் எல்லாம் பெரிய தசமபாகம். கோழி, ஆட்டுக்குட்டி, காய்கறி, பழம் போன்றவை சிறிய தசமபாகம். இரண்டையும் சேர்த்து அனுபவித்தவர் ரெக்டர். பல ஊர்களில் ரெக்டர் பதவியையே ஏதாவது ஒரு துறவியர் மடம் எடுத்துக்கொண்டு, பெரிய பங்கைத் தானே வைத்துக்கொண்டது. ஊரில் பூசை வைக்கத் தன் சார்பில் ஒரு விகாரை நியமித்து, சிறிய பங்கை அவருக்குக் கொடுத்தது. அதனால்தான் பழைய ரெக்டரிகள் பொதுவாகப் பெரியதாகவும், விகாரேஜ்கள் சற்றுச் சின்னதாகவும் இருக்கின்றன.

1536 முதல் 1540 வரை எட்டாம் ஹென்றி மடங்களைக் கலைத்தபோது, மடத்திடம் இருந்த பெரிய தசமபாகம் விகார்களிடம் திரும்பி வரவில்லை. நிலத்தோடு சேர்த்து அதை வாங்கிய பிரபுக்களிடம் போய்விட்டது. விகார் ஏழையாகவே இருந்தார். அவர் வீடும் அப்படியே இருந்தது.

தசமபாகத்தோடு மானிய நிலமும் உண்டு. நம் கோயில் மானியம் மாதிரி, குருவின் பிழைப்புக்கென்று ஒதுக்கிய நிலம் அது. சில குருமார் அதைக் குத்தகைக்கு விட்டார்கள், சிலர் தாங்களே உழுதார்கள். பழைய குருமனைகளின் பின்புறம் களஞ்சியம், தொழுவம், பால்பண்ணை அறை, ஏல் என்ற பியர் காய்ச்சும் அறை எல்லாம் இருப்பதற்கு இதுதான் காரணம். பார்த்தால் பாதி பண்ணை வீடு போலத்தான் தெரியும்.

'சர்ச் ஹவுஸ்' என்று சில ஊர்களில் ஒரு கட்டடம் இருக்கிறதே, அதுவும் குருமனையா?

இல்லை. அது சபையார் கூடி விருந்து வைத்து, ஏல் விற்று, தேவாலயத்துக்குப் பணம் திரட்டிய பொதுக் கூடம். டெவன், சாமர்செட் பக்கம் நிறைய உண்டு. சில இன்றைக்குப் பப்களாக இருக்கின்றன.

இருப்பதிலேயே பழைய குருமனைகள் எப்படி இருந்தன?

நேரில் போய்ப் பார்க்க ஏற்றது ஆல்ஃபிரிஸ்டன். கிழக்கு சசெக்ஸில் கக்மியர் ஆற்றங்கரையில், புனித அந்திரேயா தேவாலயத்துக்கு அருகிலேயே இருக்கிறது. சுமார் 600 ஆண்டுப் பழமை. அந்தப் பகுதிக்கே உரிய 'வீல்டன்' வகை வீடு: நடுவில் கூரை வரை திறந்த உயரமான கூடம், இரண்டு பக்கமும் இரண்டடுக்கு அறைகள், இவை அத்தனையையும் மூடி ஒரே நீளக் கூரை. பக்கத்து அறைகளின் மேலடுக்கு முன்னால் துருத்தி நிற்பதால், நடுக்கூடம் கொஞ்சம் உள்வாங்கியது போலத் தெரியும். இந்த முகத்தை ஒரு தடவை பார்த்துவிட்டால், கென்ட், சசெக்ஸ் பக்கத்தில் எங்கே இருந்தாலும் கண்டுபிடித்துவிடலாம்.

எலும்புக்கூடு ஓக் மரம். சட்டங்களுக்கு நடுவே மெல்லிய கழிகளைப் பின்னி, களிமண்ணும் வைக்கோலும் சாணமும் குழைத்து அப்பி, மேலே சுண்ணாம்புக் காரை பூசுவார்கள். கூரை வேய்ந்தது. இந்த வகை வீடுகளில் தொடக்கத்தில் புகைபோக்கி கிடையாது. கூடத்தின் நடுவே தரையில் தீ எரியும். புகை தானே மேலே ஏறிக் கூரை வழியாகக் கசியும். புகைபோக்கியும் சுவரோடு கட்டிய கணப்பும் பெரும்பாலும் 16ஆம் நூற்றாண்டில் வந்து சேர்ந்தன. புகை போக வழி கிடைத்த பிறகுதான் கூடத்துக்கு மேல் தளம் போட்டு இன்னொரு அறை எடுக்க முடிந்தது. ஒரு பழைய வீட்டின் கூரைக்கடியில் ஏறிப் பார்த்து, மரங்களில் கரி படிந்திருந்தால், ஒரு காலத்தில் கீழே திறந்த கூடம் இருந்தது என்று நிச்சயமாகச் சொல்லலாம்.

ஆல்ஃபிரிஸ்டன் கூடத்தின் தரையைக் குனிந்து பார்க்க வேண்டும். அந்தப் பக்கத்து மண்ணே சுண்ணப்பாறைதான். அதை உடைத்துக் கொட்டி, இடித்துக் கெட்டியாக்கி, புளித்த பாலை ஊற்றி மெருகேற்றியிருக்கிறார்கள். பால் காய்ந்ததும் மேல்பரப்பு இறுகிப்போய்த் தூசு கிளம்பாது. சாணி மெழுகிய தரையில் வளர்ந்தவர்களுக்கு விளக்கவே வேண்டாம்.

ஆல்ஃபிரிஸ்டன் வீடு அவ்வளவு பேர் பெற்றதற்கு என்ன காரணம்?

16ஆம் நூற்றாண்டுச் சமயச் சீர்திருத்தத்துக்குப் பிறகு வந்த குருமாருக்கு அது போதவில்லை. காலப்போக்கில் கூலியாட்கள் குடியிருக்கும் குடிசையாகி, 19ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் இடிந்து விழும் நிலைக்கு வந்துவிட்டது. இடித்துத் தள்ளிவிடலாம் என்ற பேச்சும் இருந்தது. அப்போதைய விகார் பெனன் அதைக் காப்பாற்ற ஊர் ஊராக ஆதரவு தேடினார். 1895இல் பழைய கட்டடங்களையும் இயற்கை இடங்களையும் காக்கும் நேஷனல் டிரஸ்ட் தொடங்கப்பட்டிருந்தது. அடுத்த ஆண்டே, 1896இல், அந்த அமைப்பு இந்த வீட்டைப் 10 பவுண்டுக்கு வாங்கியது. நேஷனல் டிரஸ்ட் வாங்கிய முதல் கட்டடம் இதுதான். விலை மலிவு என்று நினைக்க வேண்டாம், பழுதுபார்க்கப் பல மடங்கு செலவானது. கூடத்தின் மூலையில் மரத்தில் செதுக்கிய ஓர் ஓக் இலை இருக்கிறது. டிரஸ்டின் ஓக் இலைச் சின்னம் அதைப் பார்த்துத்தான் வந்தது என்று சொல்வார்கள். நிரூபணம் இல்லாவிட்டாலும் நல்ல கதை.

இதைவிட முந்தையதும் உண்டு. சாமர்செட்டில் மச்செல்னி என்ற ஊரில் மடத்தார் 1308இல் தங்கள் விகாருக்காகக் கட்டிக் கொடுத்த வீடு தேவாலயத்துக்கு எதிரே இருக்கிறது. கல் சுவர், வேய்ந்த கூரை. சன்னல்களில் தேவாலயச் சன்னலைப் போலவே கல் வேலைப்பாடு. மடத்துக் கொத்தர்களுக்குத் தெரிந்த கைவேலை அதுதானே.

குருமார் தனி ஆட்களாகத்தான் இருந்தார்களா? குடும்பம் வந்ததும் வீடு எப்படி மாறியது?

எனக்கு இந்த விஷயம் முழுவதிலும் பிடித்த கேள்வி இதுதான். பதிலை ஒரு தெருவிலேயே பார்க்கலாம்: சாமர்செட்டில் உள்ள வெல்ஸ் நகரத்தில், பேராலயத்துக்கு வடக்கே இருக்கும் விகார்ஸ் குளோஸ்.

பேராலயத்தில் ஒவ்வொரு நாளும் பாட வேண்டிய விகார்கள் ஊருக்குள் அங்கங்கே வாடகைக்குத் தங்கியிருந்தார்கள். ஊருக்குள் இருந்தால் ஊர்ப் பழக்கமும் வரும். பேராயர் ரால்ஃப் 1348இல் அவர்களுக்கென்று தனியாக ஒரு வளாகத்தை ஏற்படுத்தினார். ஒரு முனையில் சாப்பாட்டுக் கூடம், மறுமுனையில் சிற்றாலயம், நடுவே எதிரும் புதிருமாக வரிசை வீடுகள், மொத்தம் 42. ஒவ்வொன்றிலும் கீழே ஓர் அறை, மேலே ஓர் அறை, அவ்வளவுதான். அறை ஏறக்குறைய 20 அடிக்கு 13 அடி. கல்யாணம் ஆகாத ஒருவருக்கு அது தாராளம். சாப்பாடு பொதுக் கூடத்தில், சமையலறையே தேவையில்லை.

1549இல் ஆங்கிலக் குருமார் மணம் செய்துகொள்ளச் சட்டம் அனுமதித்தது. மேரி அரசியின் காலத்தில் அது ரத்தானது, எலிசபெத் காலத்தில் வழக்கம் மீண்டும் வந்தது. மனைவி, பிள்ளைகள், வேலைக்காரி, தொட்டில் எல்லாம் வந்தபின் இரண்டு அறை எப்படிப் போதும்? நடுச்சுவரை உடைத்து இரண்டு வீட்டை ஒன்றாக்கினார்கள். 42 வீடு இன்றைக்கு 27 குடியிருப்பாகக் குறைந்திருப்பதற்குப் பெரிய காரணம் இதுதான். வாசல் கதவுகளையும் புகைபோக்கிகளையும் எண்ணிப் பார்த்தால் கணக்கு பொருந்தாது. எந்த வீடு எதை விழுங்கியது என்று தேடிக்கொண்டே நடப்பது நல்ல பொழுதுபோக்கு.

புகைபோக்கிகளைச் சொன்னேன் இல்லையா, அவை தனிக் கதை. பேராயர் பெக்கிங்டன் 1465இல் இறந்தபின், அவர் உயிலை நிறைவேற்றியவர்கள் வீட்டுக்கு ஒன்றாக உயரமான கல் புகைபோக்கிகளை எழுப்பினார்கள். அப்புறம் தெருவிலேயே ஒரு தந்திரம் இருக்கிறது. சுமார் 140 மீட்டர் நீளம்; சிற்றாலயத்தை நோக்கிப் போகப் போக அகலம் சுமார் 3 மீட்டர் குறைகிறது. கீழ்முனையில் நின்று பார்த்தால் தெரு இருப்பதைவிட நீளமாகத் தெரியும். சிற்றாலய வாசலில் நின்று திரும்பிப் பார்த்தால் குட்டையாகிவிடும். முழுக்கக் குடியிருப்புக்காகவே கட்டி, கட்டடங்கள் அப்படியே நிலைத்திருக்கும் தெருக்களில் ஐரோப்பாவிலேயே பழையது என்று இதைச் சொல்கிறார்கள். இன்னும் பேராலயப் பாடகர்கள் அங்கே குடியிருக்கிறார்கள்.

வடக்கில் சில குருமனைகள் கோட்டை மாதிரி இருக்கின்றனவே?

ஸ்காட்லாந்து எல்லைக்கு அருகே இருந்தவர்களுக்கு வேறு வழி இல்லை. 1314இல் பானக்பர்னில் ஆங்கிலேயர் தோற்றபின் எல்லைக் கொள்ளை ஓயாமல் நடந்தது. நார்தம்பர்லாந்தில் கார்பிரிட்ஜ் தேவாலயத்தின் கல்லறைத் தோட்டத்திலேயே, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டிய விகாரின் கோபுரம் நிற்கிறது. மூன்று அடுக்கு, ஒரு மீட்டருக்கும் மேல் தடிமனான சுவர், கீழே ஒற்றை வாசல், சின்னச் சின்னச் சன்னல். கல்லுக்கு அலையவே இல்லை: பக்கத்தில் ரோமானியர் விட்டுப்போன நகரம் இருந்தது, அங்கிருந்து பெயர்த்துக் கொண்டுவந்தார்கள். கீழே கால்நடையையும் பொருட்களையும் பூட்டி வைத்துவிட்டு, குரு மேலே இருந்துகொள்ளலாம். மேல் மாடியில் சன்னலோரம் புத்தகம் வைத்துப் படிக்க ஒரு சாய்வான கல் பலகை இருக்கிறது. கொள்ளைக்காரர் வாசலில் நின்றாலும் ஜெபம் தவறக்கூடாது போலும்.

அதே மாவட்டத்தில் எம்பிள்டனிலும் இப்படியொரு கோபுரம் உண்டு. அங்கே பிற்காலத்தில் கோபுரத்தை இடிக்காமல் அதோடு ஒட்டி ஒரு சாதாரண வீட்டைச் சேர்த்துவிட்டார்கள். பின்னாளில் லண்டன் பேராயரான மேண்டல் கிரைட்டன் 1875 முதல் 1884 வரை அங்கே விகாராக இருந்தார்.

பணக்காரக் குருமார் இருக்கவில்லையா?

இருந்தார்கள். சஃபோக்கில் ஹேட்லி தேவாலயத்தின் பக்கத்தில் ஆர்ச்டீக்கன் (பேராயருக்கு அடுத்த நிலைக் குரு) பிக்கன்ஹம் 1495இல் எழுப்பிய செங்கல் வாயில் கோபுரம் ஒரு அரண்மனையின் முகப்பைப் போல இருக்கிறது. அரண்மனைதான் இல்லை, வாயிலோடு நின்றுவிட்டது. டீனரி டவர் எனப்படும் அந்தக் கோபுரத்தில்தான் 1833 ஜூலையில், இங்கிலாந்துத் திருச்சபையில் பழைய கத்தோலிக்க மரபுகளை மீட்க முயன்ற ஆக்ஸ்ஃபர்டு இயக்கத்தின் முக்கியமான ஆரம்பக் கூட்டம் நடந்தது.

வீடு கட்டவும் பழுதுபார்க்கவும் காசு யார் கொடுத்தார்கள்?

குருவேதான். இதைப் புரிந்துகொள்ளாமல் குருமனையின் வரலாறு புரியாது. வீடு அவர் பதவிக்கு உரியது. பதவியில் இருக்கும்வரை அவர் அதன் உரிமையாளர் போல. பழுதுபார்க்க வேண்டியதும் அவர் பொறுப்பு. அவர் போனபின் அடுத்து வருபவர் வீட்டைச் சுற்றிப் பார்த்து, கூரை ஒழுகுகிறது, வேலி விழுந்துவிட்டது என்று கணக்குப் போட்டு, அதற்கான பணத்தை முன்னவரிடம் கேட்கலாம். முன்னவர் இறந்துவிட்டால் அவருடைய விதவையிடமோ வாரிசிடமோ கேட்கலாம். கணவனை இழந்து, வீட்டையும் காலி செய்ய வேண்டிய நேரத்தில் ஒரு பழுதுபார்ப்புச் சீட்டும் வந்து சேரும். இவ்வளவு கொடுமையான ஒரு ஏற்பாடு இத்தனை காலம் நீடித்தது ஆச்சரியம்தான். 1972இல் வந்த சட்டம்தான் பழுதுபார்ப்பைப் பேராய வாரியங்களின் பொறுப்பாக மாற்றியது.

ஏழைக் குருமாருக்கு உதவ 1704இல் ஆன் அரசியின் பெயரில் ஒரு நிதி உருவானது. எட்டாம் ஹென்றி குருமாரின் வருமானத்திலிருந்து அரசுக்குத் திருப்பிவிட்ட பணம்தான் அது; இப்போது திரும்பி வந்தது. அதைவிடப் பெரிய திருப்பம் 1776ஆம் ஆண்டின் கில்பர்ட் சட்டம். பதவியின் வருங்கால வருமானத்தை அடமானம் வைத்து வீடு கட்டக் கடன் வாங்கலாம், அதை அடுத்தடுத்து வருபவர்களும் அடைத்துக்கொண்டு வர வேண்டும் என்று அது சொன்னது. இன்றைக்கு நாம் பார்க்கும் அழகான ஜார்ஜியக் காலத்து (1714 முதல் 1830 வரை) குருமனைகள் பலவும் கடன் வீடுகள்தான்.

அப்படிக் கடன் வாங்கிக் கட்டிய ஒருவரைச் சொல்லுங்களேன்.

சிட்னி ஸ்மித். நகைச்சுவைக்குப் பேர் போனவர், லண்டன் விருந்துகளில் கொண்டாடப்பட்டவர். யார்க்‌ஷயரில் ஃபாஸ்டன் என்ற ஊரின் ரெக்டர் பதவி அவருக்குக் கிடைத்தது. 150 ஆண்டுகளாக அங்கே எந்த ரெக்டரும் குடியிருந்ததில்லை. வீடு என்று இருந்தது ஒரு குடிசை. குருமார் தங்கள் ஊரிலேயே தங்க வேண்டும் என்று 1803இல் வந்த சட்டத்தைக் காட்டி யார்க் பேராயர் நெருக்க, அவர் 1813இல் கட்ட ஆரம்பித்தார். கட்டடக் கலைஞரை அனுப்பிவிட்டுத் தானே திட்டம் போட்டார்.

செங்கல்லைத் தானே சுட்டுக்கொண்டால் மிச்சம் என்று அக்கம்பக்கத்தார் சொன்னார்கள். சுட்டது எதற்கும் உதவவில்லை. வண்டி இழுக்கக் குதிரையைவிடக் காளை மலிவு என்றார்கள். நான்கு வாங்கி டக், லக், ஹால், க்ரால் என்று பெயர் வைத்தார். முதல் ஜோடிக்கு அடிக்கடி மயக்கம் வந்தது. அடுத்த ஜோடி சேற்றில் படுத்துக்கொண்டது. கடைசியில் அவற்றை விற்றுவிட்டுக் குதிரைகளை வாங்கினார். 1814 மார்ச்சில் சுவர் ஈரம் காய்வதற்குள் குடும்பத்தோடு குடியேறினார். அலங்காரம் இல்லாத சதுரமான செங்கல் வீடு. ஆனால் வெளிச்சமும் கதகதப்பும் உள்ள வீடு என்று வந்தவர்கள் எல்லாம் பாராட்டினார்கள்.

ஜார்ஜியக் காலத்துக் குருமனையை எப்படி அடையாளம் காண்பது?

நடுவில் வாசல், இரண்டு பக்கமும் ஒரே எண்ணிக்கையில் சன்னல், மேலும் கீழும் நகரும் சட்டச் சன்னல்கள், ஓடு தெரியாமல் தாழ்ந்த கூரை. கிராமத்து டாக்டர், வக்கீல் வீடுகளும் இப்படித்தான் இருக்கும். குருவும் அந்த வர்க்கத்தில் சேர்ந்துவிட்டார் என்பதை வீடே சொல்கிறது.

ஆனால் முகப்பை நம்ப முடியாது. பணம் போதாதவர்கள் முன்பக்கம் மட்டும் புதுச் செங்கல் சுவர் எழுப்பி, பின்னால் பழைய மரச்சட்ட வீட்டை அப்படியே விட்டுவிடுவார்கள். பக்கவாட்டில் போய்க் கூரையின் சரிவைப் பாருங்கள். முன்பாதிக்கும் பின்பாதிக்கும் ஒத்துவராவிட்டால் உள்ளே இன்னொரு வீடு இருக்கிறது.

லிங்கன்‌ஷயரில் எப்வர்த் ரெக்டரி இந்த மாற்றத்தை ஒரே இரவில் சந்தித்தது. பழைய வீடு மரச்சட்டமும் காரையும் வைக்கோல் கூரையுமாக இருந்தது. 1709 பிப்ரவரி 9 இரவில் தீப்பிடித்து எரிந்தது. மேல் மாடிச் சன்னலில் மாட்டிக்கொண்ட ஐந்து வயதுப் பையனை, ஒருவர் தோளில் ஒருவர் ஏறித் தூக்கிக் காப்பாற்றினார்கள். அந்தப் பையன்தான் மெத்தடிஸ்ட் சபைகளின் தந்தை ஜான் வெஸ்லி. அப்பா சாமுவேல் அதே ஆண்டு செங்கல்லில் திரும்பக் கட்டினார். இன்றைக்கு அது அருங்காட்சியகம்.

நாவலாசிரியர்களான பிராண்டி சகோதரிகள் வளர்ந்த, யார்க்‌ஷயரின் ஹாவர்த் வீடும் இந்த வகையா? கல்லறைகளுக்கு அவ்வளவு பக்கத்தில் ஏன்?

ஆமாம், 1778-79இல் கட்டியது. செங்கல் இல்லை, அந்த மலைப்பகுதியின் கருத்த மணற்கல். பேட்ரிக் பிராண்டி 1820இல் குடும்பத்தோடு வந்து, 1861இல் இறக்கும்வரை அங்கேயே ஊழியம் செய்தார். உள்ளே நுழைந்ததும் வலப்பக்கம் அவருடைய படிப்பறை, இடப்பக்கம் சாப்பாட்டு அறை. மகள்கள் உட்கார்ந்து எழுதியது அந்தச் சாப்பாட்டு அறையில்தான். வலது ஓரத்தில் துருத்தி நிற்கும் பெரிய பகுதி அவர்கள் பார்த்ததல்ல. அடுத்து வந்த குரு 1870களில் சேர்த்தது. புகைப்படம் எடுப்பவர்கள் பலர் இது தெரியாமல் அதையும் சேர்த்தே எடுக்கிறார்கள்.

குருவின் வீடு தேவாலயத்தை ஒட்டி இருந்தது. தேவாலயத்தைச் சுற்றித்தான் ஊரே புதைத்தது. அதனால் முன் தோட்டத்து மதிலைத் தாண்டினால் கல்லறை. ஹாவர்த்தில் இடம் நிரம்பி வழிந்தது. 1850இல் சுகாதார ஆய்வாளர் பேபேஜ் வந்து பார்த்தபோது, ஊரில் பிறந்தவர்களில் 41 சதவீதத்துக்கும் மேல் ஆறு வயதுக்குள் இறந்துவிடுவதாக எழுதினார். கழிவுநீர் வடிகால் இல்லை, கிணறுகள் கெட்டிருந்தன, கல்லறைத் தோட்டம் சரிவின் மேல்பக்கம். அந்த ஆய்வாளரை அனுப்பச் சொல்லி அரசுக்கு மனுப் போட்டவர்களில் முன்னால் நின்றவர் பேட்ரிக் பிராண்டியே.

விக்டோரியக் காலத்தில் என்ன மாறியது?

எண்ணிக்கை எகிறியது. பல ஊர்ப் பதவிகளை ஒருவரே வைத்துக்கொண்டு எங்கேயோ இருப்பதை 1838ஆம் ஆண்டுச் சட்டம் இறுக்கிப் பிடித்தது. ஊரில் தங்குவதென்றால் வீடு வேண்டும். நகரங்கள் பெருகப் பெருகப் புதுச் சபைகளும் முளைத்தன. தேவாலயம் கட்டிய அதே கட்டடக் கலைஞரே குருமனையையும் பள்ளிக்கூடத்தையும் கட்டினார்.

கிளாஸ்டர்‌ஷயரில் கோல்பிட் ஹீத் என்ற சுரங்க ஊரில் வில்லியம் பட்டர்ஃபீல்ட் 1844-45இல் தேவாலயம், கல்லறை வாயில், விகாரேஜ் மூன்றையும் சேர்த்துக் கட்டினார். அந்த விகாரேஜைச் சாதாரணமாகக் கடந்துபோகக் கூடாது. ஜார்ஜியச் சமச்சீரை அவர் கைகழுவிவிட்டார். சமையலறைக்கு எவ்வளவு வெளிச்சம் வேண்டுமோ அவ்வளவு சன்னல், படிக்கட்டு எங்கே திரும்புகிறதோ அங்கே ஒரு சன்னல், கணப்பு எங்கே இருக்கிறதோ அங்கே புகைபோக்கி. உள்ளே இருப்பதை வெளிச்சுவர் அப்படியே காட்டும். செங்குத்தான கூரை. தேவையில்லாத சிற்பம் எதுவும் இல்லை. ஜி. ஈ. ஸ்ட்ரீட் இதே பாதையில் போனார். மெய்டன்ஹெட்டுக்கு அருகே பாய்ன் ஹில்லில் 1850களில் அவர் கட்டிய தேவாலயமும் விகாரேஜும் பள்ளியும் ஒரு முற்றத்தைச் சுற்றி நிற்கின்றன. ஸ்ட்ரீட்டின் அலுவலகத்தில் வேலை பழகிய பிலிப் வெப் 1859இல் வடிவமைப்பாளர் வில்லியம் மாரிஸுக்காக ரெட் ஹவுஸ் என்ற வீட்டை வரைந்தார். நவீன ஆங்கில வீட்டின் வரலாற்றை எல்லோரும் ரெட் ஹவுஸிலிருந்து தொடங்குகிறார்கள். என்னைக் கேட்டால், ஒரு பத்துப் பதினைந்து ஆண்டு பின்னால் போய் இந்த விகாரேஜ்களிலிருந்து தொடங்க வேண்டும்.

திட்டத்தில் முக்கியமானது படிப்பறை. அது வாசல் கதவுக்குப் பக்கத்திலேயே இருக்கும். ஞானஸ்நானம் கேட்டு வருபவர், கல்யாண ஓலைக்கு வருபவர், கடன் கேட்டு வருபவர், அழுதுகொண்டு வருபவர் எல்லோரும் குடும்பம் இருக்கும் பக்கம் போகாமலேயே குருவைப் பார்த்துவிட்டுப் போகலாம். வேலைக்காரர்களுக்கு வேறு வழி, வேறு படிக்கட்டு. ஒரே கூரைக்குக் கீழே ஓர் அலுவலகமும் ஒரு வீடும் ஒன்றின் காலை ஒன்று மிதிக்காமல் இருக்க வேண்டும் என்பதுதான் கணக்கு.

நகரத்தில் 'கிளர்ஜி ஹவுஸ்' என்பது வேறா?

பெரும்பாலும் வேறுதான். ஆக்ஸ்ஃபர்டு இயக்கத்தைத் தொடர்ந்து, மணம் செய்துகொள்ளாமல் சேர்ந்து வாழும் குருமார் மறுபடி தோன்றினார்கள். லண்டன் மார்கரெட் தெருவில் ஆல் செயின்ட்ஸ் தேவாலயத்தைப் பட்டர்ஃபீல்ட் 1850களில் கட்டியபோது, கையகல இடத்தில் தேவாலயம், பாடகர் பள்ளி, குருமார் இல்லம் மூன்றையும் ஒரு சின்ன முற்றத்தைச் சுற்றி உயர உயர அடுக்கிவிட்டார். வெல்ஸில் சுவரை உடைத்துப் பெரிதாக்கிய சிறு அறைகள் 300 ஆண்டு கழித்து லண்டனில் திரும்பி வந்தன.

இவ்வளவு நல்ல வீடுகளை ஏன் விற்றார்கள்?

கட்டும்போது போட்ட கணக்கு பிற்காலத்தில் உடைந்துபோனது. பத்துப் பிள்ளைகள், ஐந்தாறு வேலைக்காரர்கள், குதிரை வண்டி, சொந்தச் சொத்திலிருந்து கொஞ்சம் வரவு, இவை எல்லாம் உள்ள ஒரு குருவை மனதில் வைத்துக் கட்டியவை அவை. முதல் உலகப் போருக்குப் பிறகு வேலைக்காரர்கள் கிடைக்கவில்லை, விலைவாசி ஏறியது, தசமபாக வருமானமும் தேய்ந்து மறைந்தது. பதினைந்து அறை உள்ள வீட்டில் இரண்டு அறையை மட்டும் சூடாக்கிக்கொண்டு மற்றதைப் பூட்டி வைத்தவர்கள் நிறையப் பேர். பல ஊர்களை ஒரே குருவின் கீழ் சேர்த்தபோது வீடுகள் உபரியாயின. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு விற்பனை வேகம் பிடித்தது. புதிதாகக் கட்டிக்கொடுத்தது நான்கு படுக்கையறை, ஒரு படிப்பறை கொண்ட சாதாரண வீடு. படிப்பறை மட்டும் இன்றைக்கும் வாசலுக்குப் பக்கத்தில்தான்.

மலிவாக விற்றுவிட்டார்கள் என்று இங்கிலாந்துத் திருச்சபைக்குள்ளேயே இன்னும் புலம்பல் உண்டு. இன்றைய விலையைப் பார்த்தால் புலம்பலில் நியாயம் இருக்கிறது. ஆனால் ஒழுகும் கூரையோடு குளிரில் குடும்பம் நடத்தியவர்கள் அப்போது சந்தோஷமாகத்தான் காலி செய்தார்கள்.

தேவாலயத்தையும் குருமனையையும் ஒரே சட்டமா பாதுகாக்கிறது?

இல்லை. பாதுகாக்க வேண்டியவை என்று அரசு பட்டியலிட்ட தேவாலயக் கட்டடத்தில் மாற்றம் செய்ய இங்கிலாந்துத் திருச்சபைக்குச் சொந்த அனுமதி முறை உண்டு. அரசின் பட்டியல் கட்டட அனுமதி வேண்டியதில்லை. குரு குடியிருக்கும் வீட்டுக்கு அந்த விலக்கு கிடையாது என்று 1990ஆம் ஆண்டுச் சட்டம் தெளிவாகச் சொல்கிறது. பட்டியலில் உள்ள விகாரேஜின் சன்னலை மாற்ற, எல்லோரையும் போல உள்ளாட்சி மன்றத்தில்தான் விண்ணப்பிக்க வேண்டும்.

ஒரு குறிப்பிட்ட பழைய ரெக்டரியின் வரலாற்றை எங்கே தேடலாம்?

மாவட்ட ஆவணக் காப்பகத்தில் மானிய நிலப் பதிவேடு இருக்கிறதா என்று முதலில் கேளுங்கள். 17ஆம் நூற்றாண்டுப் பதிவேடுகளில், வீட்டுக்கு எத்தனை கட்டு, சுவர் எது, கூரை எது, களஞ்சியம் எங்கே என்று விவரமாக எழுதியிருப்பார்கள். எப்வர்த்தின் எரிந்துபோன வீட்டைப் பற்றி நமக்குத் தெரிவதே அப்படித்தான். கில்பர்ட் சட்டத்தின்படி கடன் வாங்கியிருந்தால் வரைபடமும் செலவுக் கணக்கும் பேராய ஆவணங்களில் கிடைக்கும் வாய்ப்பு அதிகம். 1836ஆம் ஆண்டுச் சட்டம் தசமபாகத்தைப் பண வரியாக மாற்றியபோது வரைந்த வரைபடங்கள் ஊரின் ஒவ்வொரு துண்டு நிலத்தையும் காட்டுகின்றன. குருமனையும் மானிய நிலமும் எங்கே இருந்தன என்பதை அதில் விரல் வைத்துப் பார்க்கலாம்.

நேரில் பார்க்க வேண்டுமென்றால் எங்கே போகலாம்?

ஒரே ஒன்றுதான் என்றால் வெல்ஸ். தெருவில் நடக்கக் கட்டணம் இல்லை, குடியிருப்பவர்களின் சன்னலை எட்டிப் பார்க்காமல் இருந்தால் போதும். ஆல்ஃபிரிஸ்டன், ஹாவர்த், எப்வர்த் மூன்றும் பார்வையாளருக்குத் திறந்தவை, போகும் முன் நேரம் பார்த்துக்கொள்ளுங்கள். கார்பிரிட்ஜ் கோபுரத்தை அண்மையில் புதுப்பித்துச் சின்னதொரு பப் நடத்தியிருக்கிறார்கள். தங்கிப் பார்க்க ஆசையிருந்தால், ஆக்ஸ்ஃபர்டை ஒட்டி இஃப்லியில் நார்மன் காலத் தேவாலயத்துக்குப் பக்கத்தில் இருக்கும் பழைய பார்சனேஜை, பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துக் காக்கும் லேண்ட்மார்க் டிரஸ்ட் விடுமுறைக்கு வாடகைக்கு விடுகிறது. ஜேன் ஆஸ்டின் பிறந்த ஸ்டீவன்டன் ரெக்டரியைத் தேடிப் போக வேண்டாம். 1820களிலேயே இடித்துவிட்டார்கள், இப்போது அங்கே வெறும் வயல்தான்.